தண்டின் கதை – 31: ஒரே நாளில் இரண்டு எண்ணிக்கைகள்

2019 டிசம்பர் 9, திங்கட்கிழமை. காலையில் பெங்களூரின் சிவாஜிநகர் இடைத்தேர்தல் வாக்குகளை எண்ணினார்கள். காங்கிரஸ் வேட்பாளர் ரிஸ்வான் அர்ஷத் வென்றார், பா.ஜ.க. நிறுத்திய எம். சரவணா தோற்றார். அதே நாள் தில்லியில் உள்துறை அமைச்சர் அமித் ஷா மக்களவையில் குடியுரிமைத் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். விவாதம் நள்ளிரவைத் தாண்டி நீண்டது. அங்கேயும் எண்ணினார்கள்: ஆதரவாக 311, எதிராக 80.

தொகுதிக்குப் புது எம்.எல்.ஏ. கிடைத்த அன்றே, அவரால் தொடவே முடியாத ஒரு சட்டமும் வந்து சேர்ந்தது. குடியுரிமை என்பது அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், மத்தியப் பட்டியலின் 17ஆம் இனம். மாநிலப் பேரவை அதைப் பற்றித் தீர்மானம் போடலாம், உரக்கப் பேசலாம். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது. மாற்றும் அதிகாரம் உள்ள அவையில் சிவாஜிநகரின் குரல் எது? பெங்களூர் மத்தியத் தொகுதியின் எம்.பி., பா.ஜ.க.வின் பி.சி. மோகன். 2014இலும் 2019இலும் அவரை எதிர்த்து நின்று தோற்றவர்தான் இந்த ரிஸ்வான் அர்ஷத். தில்லிக்குப் போக முயன்றவர் மாநிலப் பேரவை இருக்கும் விதான சௌதாவுக்குப் போனார். சட்டம் தில்லியிலிருந்து வந்தது.

அடுத்த மூன்று மாதங்கள் இந்த வட்டாரத்தில் எழுந்த கோபத்தை வெறும் கட்சிச் சண்டையாக எழுதிவிடுவது சுலபம். அப்படி எழுதியும் இருக்கிறார்கள். எனக்கு அது அரைக் கதையாகவே படுகிறது. மசோதாவுக்குக் கை தூக்கியவர்கள் மேல் கோபம் இருந்தது உண்மை. தங்களிடம் ஓட்டு வாங்கிப்போனவர்கள் மேல் இருந்த சலிப்பு அதைவிடப் பழையது.

அந்தச் சலிப்பின் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். சிவாஜிநகரின் முந்தைய எம்.எல்.ஏ. ரோஷன் பேக். 2019 ஜூனில் ஐ.எம்.ஏ. முதலீட்டு நிறுவனம் கவிழ்ந்தது. வட்டி வாங்குவது பாவம் என்று நினைத்த ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள், லாபப் பங்கு என்ற பெயரில் அங்கே பணம் போட்டிருந்தன. நகையை விற்றுப் போட்டவர்கள் உண்டு. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததைப் போட்டவர்கள் உண்டு. நிறுவனர் நாட்டை விட்டு ஓடினார். அந்த விவகாரத்தில் ரோஷன் பேக்கின் பெயரும் அடிபட்டது, அவர் மறுத்தார். அடுத்த மாதமே கர்நாடகக் கூட்டணி அரசு கவிழ்ந்தது. அதற்குக் காரணமான 17 எம்.எல்.ஏ.க்களைச் சபாநாயகர் தகுதிநீக்கம் செய்தார். பேக் அவர்களில் ஒருவர். டிசம்பர் 5 அன்று இடைத்தேர்தல் நடந்தபோது தொகுதி வாக்காளர்களில் பாதிப் பேர்கூடச் சாவடிக்கு வரவில்லை. பறிபோன பணத்துக்கு வழி சொல்லாதவர்களுக்கு எதற்கு ஓட்டு என்று வீட்டில் இருந்துவிட்டவர்களின் வாசலுக்குத்தான், நான்கு நாள் கழித்து, குடியுரிமைப் பேச்சு வந்தது.

சட்டம் சொன்னது இதுதான். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் இந்தியா வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவ மக்களைச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருத மாட்டார்கள். அவர்கள் குடியுரிமை கேட்பதற்கு இந்த நாட்டில் 11 ஆண்டு வசித்திருக்க வேண்டும் என்பது 5 ஆண்டாகக் குறையும். டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையும் ஒப்புக்கொண்டது. 12ஆம் தேதி குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார்.

இந்தியர் எவருடைய குடியுரிமையையும் இது பறிக்கவில்லை என்றது அரசு. வாசகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அது சரிதான். தெருவில் இருந்தவர்கள் வாசகத்தோடு பதிவேட்டையும் சேர்த்துப் படித்தார்கள். அசாமில் அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சம் பேருக்கு இடமில்லை. அதே பதிவேடு நாடு முழுக்க வரும் என்று உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்திலேயே பேசியிருந்தார். டிசம்பர் 22 அன்று தில்லி ராம்லீலா மைதானத்தில் பிரதமர் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்றார். இரண்டு நாள் கழித்து, குடிமக்கள் பதிவேட்டுக்கு முதல் படி எனக் கருதப்பட்ட மக்கள்தொகைப் பதிவேட்டைப் புதுப்பிக்க மத்திய அமைச்சரவை 3,941 கோடி ரூபாய் ஒதுக்கியது. யார் சொல்வதை நம்புவது? புதிய பதிவேட்டுப் படிவத்தில் தாய், தந்தை பிறந்த தேதியும் இடமும் கேட்கப்படும் என்ற செய்தி பரவியது.

இந்தக் கேள்வி சிவாஜிநகரில் எப்படி விழுந்திருக்கும் என்று இத்தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1809இல் ஆங்கிலேயப் படை இங்கே தண்டு இறங்கியது முதல் வந்தவர்களால் ஆன இடம் இது. ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து செங்கல் சுமக்கவும், குதிரைக்குப் புல் அறுக்கவும், துணி வெளுக்கவும், கணக்கெழுதவும், ஒப்பந்தம் எடுக்கவும் வந்த தமிழர்கள். தோல் வணிகத்தோடு வந்த தமிழ் முஸ்லிம்கள். துணிக்கடை வைத்த கச்சி மேமன்கள். தக்கினி உருது பேசியவர்கள். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டிலிருந்து பிரியும் சந்துகளின் பெயர்களைப் பாருங்கள்: நாராயண பிள்ளை தெரு, இப்ராஹிம் சாகிப் தெரு, தர்மராஜா கோயில் தெரு. கொஞ்சம் தள்ளித் தண்டு மாரியம்மன். செஞ்சிப் பக்கமிருந்து வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் காணிக்கை மாதாவுக்குக் கட்டிய சிறு கோயில்தான் இன்றைய தூய மரியன்னை பேராலயம்.

இங்கே ஒரு வயதானவரின் தகப்பனார் 1940இல் பிறந்தார் என்று வையுங்கள். எங்கே பிறந்தார்? மைசூர் சமஸ்தானத்தில் என்றால் தவறு. சென்னை மாகாணத்தில் என்றாலும் தவறு. அவர் பிறந்தது சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷனில். பிரிட்டிஷ் ரெசிடெண்டின் நேரடி ஆட்சியில் இருந்த தனி நிலப்பரப்பு அது. 1947 ஜூலையில்தான் மைசூரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. 1949இல் இரண்டு நகராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். நூற்றைம்பது ஆண்டாக ஒரே தெருவில் இருக்கும் குடும்பத்துக்கே பிறந்த இடத்தை எழுத இத்தனை விளக்கம் தேவைப்பட்டது என்றால், பஞ்ச காலத்தில் நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளைப் பற்றி என்ன சொல்ல!

ஆக, பெட்டிகள் திறந்தன. பள்ளிவாசல்களில் ஆவணம் பார்த்துச் சொல்ல உட்கார்ந்தார்கள். மாநகராட்சி அலுவலகத்தில் பிறப்புச் சான்றுக்குக் கூட்டம் கூடியது. பள்ளி மாற்றுச் சான்றில் அப்துல் ரஹ்மான். ரேஷன் கார்டில் அப்துல் ரகுமான். வாக்காளர் அட்டையில் வெறும் ரகுமான், அப்பா பெயரில் எழுத்துப் பிழை. தமிழ் வீடுகளில் வேறு சிக்கல். முன்னெழுத்தை ஓர் அலுவலர் குடும்பப் பெயராக விரித்திருப்பார்; இன்னொருவர் விட்டேவிட்டிருப்பார். கல்யாணமாகி ஆம்பூரிலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்த பெண்களிடம் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. பிறந்தது வீட்டில், படித்தது ஐந்தாவதுவரை, பெயர் மாறியது புகுந்த வீட்டில். பிறகு பெண்கள் ஏன் போராட்டத்தின் முன்வரிசைக்கு வந்தார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

தமிழ் பேசுகிற வீடுகளில் கூடவே இன்னொரு கேள்வியும் எழுந்தது: மூன்று நாடுகளில் இலங்கை ஏன் இல்லை? 1983 முதல் கடல் தாண்டி வந்து தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்கள் அப்போதும் ஏறக்குறைய 60 ஆயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். துன்புறுத்தப்பட்டு வந்தவர்கள் என்பதிலும் ஐயமில்லை. மதம், துன்பம் என்ற இரண்டு அளவுகோலுமே பொருந்தியும் பட்டியலில் இடமில்லை. 1964 முதல் 2008 வரை இலங்கையிலிருந்து வந்த 4.61 லட்சம் தமிழருக்குக் குடியுரிமை தந்திருக்கிறோம் என்று மத்திய அரசு பதில் சொன்னது. அது வேறு கணக்கு. அவர்கள் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்த மலையகத் தமிழர்கள். இந்தியா தன் பங்காக ஏற்றுக்கொண்டவர்கள். போருக்குத் தப்பி வந்த யாழ்ப்பாணத்தாருக்கும் மன்னார்க்காரருக்கும் அதில் ஒரு எண்கூடக் கிடையாது. போதாக்குறைக்கு, மலையக வம்சாவளியினரிலேயே பலர் இன்னும் முகாமில் இருந்தார்கள். திருச்சி கொட்டப்பட்டு முகாமிலும் மற்ற இடங்களிலும் இருந்த அப்படிப்பட்ட 65 பேரின் மனுவை எடுத்து, அவர்களது குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் உத்தரவிட்டது 2019 ஜூனில்தான். சட்டம் வருவதற்கு ஆறு மாதம் முன்பு. இதைக் கேட்டிருக்க வேண்டிய இடம் நாடாளுமன்றம்.

அங்கே தமிழ்நாட்டு எம்.பி.க்கள் என்ன செய்தார்கள்? மாநிலங்களவையில் முடிவு 125க்கு 105. அ.தி.மு.க.வும் பா.ம.க.வும் ஆதரித்தன. அந்தப் பன்னிரண்டு வாக்குகள் மாறி விழுந்திருந்தால் 113க்கு 117 என்று மசோதா தோற்றிருக்கும் எனத் தி.மு.க. மேடைக்கு மேடை கணக்குச் சொன்னது. கூட்டல் கழித்தலில் பிழையில்லை. ஈழத் தமிழருக்கு இரட்டைக் குடியுரிமை கேட்போம் என்று ஆதரித்துவிட்டுச் சொன்னது அ.தி.மு.க. 2021 மார்ச்சில், சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில், இதே சட்டத்தைக் கைவிடும்படி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்றும் வாக்குறுதி தந்தது. கை தூக்குவதற்கும் வருந்துவதற்கும் நடுவில் பதினைந்து மாதம்.

எதிர்த்த பக்கமும் சுத்தம் என்று சொல்ல முடியாது. இந்திய மண்ணில் பிறந்தாலே குடிமகன் என்ற பழைய விதியை 1986இல் ராஜீவ் காந்தி அரசுதான் சுருக்கியது. 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2003இல் வாஜ்பாய் அரசு அதை இன்னும் இறுக்கியது. பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்றால் பிள்ளைக்கும் இல்லை. குடிமக்கள் பதிவேட்டுக்கு வழி திறந்த பிரிவும் அதே திருத்தத்தில்தான் நுழைந்தது, பெரிய எதிர்ப்பின்றி. அந்த விவாதத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மன்மோகன் சிங், வங்கதேசம் போன்ற நாடுகளிலிருந்து துரத்தப்பட்ட சிறுபான்மையினரிடம் தாராளம் காட்டுங்கள் என்று கேட்டார். பதினாறு ஆண்டு கழித்து அந்தப் பேச்சை பா.ஜ.க. எடுத்துக் காங்கிரஸிடமே திருப்பிக் காட்டியது. மக்கள்தொகைப் பதிவேட்டை 2010இல் முதலில் எடுத்ததும் காங்கிரஸ் தலைமையிலான அரசுதான். மேடையில் நின்று முழங்கிய தலைவர்களில் எத்தனை பேர் இதைச் சொன்னார்கள்?

டிசம்பர் 19. பல அமைப்புகள் போராட்டத்துக்கு அனுமதி வாங்கியிருந்தன. முந்தின நாள் பெங்களூர் முழுக்க 144 தடை போட்டு, கொடுத்த அனுமதிகளையும் ரத்துசெய்தது காவல் துறை. டவுன் ஹால் முன்பு தொலைக்காட்சிக்குப் பேசிக்கொண்டிருந்த வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹாவைப் பேச்சின் நடுவிலேயே பிடித்து இழுத்துப் போனார்கள். அதே இடத்தில் துணை ஆணையர் சேத்தன் சிங் ராத்தோர் ஒலிபெருக்கியில் தேசிய கீதம் பாட, கூட்டமும் கூடவே பாடிவிட்டுக் கலைந்தது. ஒரே நாளில், ஒரே வாசலில், இரண்டு விதமான காவல். அன்று மாலை மங்களூரில் போலீஸ் சுட்டதில் இருவர் செத்தார்கள். இருவர் குடும்பத்துக்கும் தலா 10 லட்சம் ரூபாய் அறிவித்த முதல்வர் எடியூரப்பா, சில நாளிலேயே விசாரணை முடியட்டும் என்று அதை நிறுத்திவைத்தார்.

தடையை எதிர்த்து மாநிலங்களவை உறுப்பினர் ராஜீவ் கௌடாவும் சட்டமன்ற உறுப்பினர் சௌம்யா ரெட்டியும் உயர் நீதிமன்றம் போனார்கள். 2020 பிப்ரவரியில் தலைமை நீதிபதி அபய் ஓகா அமர்வு அந்த 144 உத்தரவு செல்லாது என்றது. மக்கள் பிரதிநிதிகள் இந்தக் கதையில் உருப்படியாகச் செய்த காரியங்களைத் தேடினால் இது ஒன்று கிடைக்கிறது. அதையும் அவையில் செய்யவில்லை. மனுதாரராக வெளியே நின்று செய்தார்கள்.

டிசம்பர் 22 அன்று டவுன் ஹாலில் சட்டத்துக்கு ஆதரவான கூட்டம். பெங்களூர் தெற்கு எம்.பி. தேஜஸ்வி சூர்யா பேசினார். நகரின் ஐ.டி. துறையினரும் வழக்கறிஞர்களும் இங்கே நிற்கிறார்கள். எதிர்ப்பவர்கள் படிப்பறிவற்றவர்கள், பஞ்சர் ஒட்டுகிறவர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். பஞ்சர் கடையும் பழைய வண்டியைப் பிரித்துப் பாகம் விற்கும் குஜிலிக் கடையும் சிவாஜிநகரில் தெருவுக்கு நாலு உண்டு. மழையில் டயர் வெடித்து நிற்கும் ஐ.டி. ஊழியரின் காரை மறுபடி ஓடவைப்பவர்கள் அவர்கள்தான். சட்டத்தின் பிரிவுகளை யார் சரியாகப் படித்திருந்தார்கள் என்று ஒரு தேர்வு வைத்திருந்தால், அந்த வாரம் பஞ்சர் கடைக்காரர்கள் பல எம்.பி.க்களை முந்தியிருப்பார்கள் என்பது என் எண்ணம். தன் பெயர் நிற்குமா நிற்காதா என்று பார்க்கப் படிப்பவனுக்கும் கட்சிக் கொறடா சொன்னபடி பொத்தானை அமுக்குபவனுக்கும் அந்த வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்.

மறுநாள், 23ஆம் தேதி, மில்லர்ஸ் சாலை குத்தூஸ் சாகிப் ஈத்கா மைதானத்தில் முஸ்லிம் அமைப்புகள் கூட்டாக அழைத்த பேரணி. நகரம் அத்தகைய திரளைப் பார்த்துப் பல காலம் ஆகியிருந்தது. கைகளில் தேசியக் கொடியும் அம்பேத்கர் படமும். நாள் முழுக்க அமைதியாக நடந்து முடிந்தது. 144 போட்டவர்கள் சொன்ன காரணத்துக்கு அதைவிடப் பெரிய மறுப்பு தேவைப்படவில்லை.

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் இரண்டு காரியங்கள் அச்சத்துக்கு உருவம் கொடுத்தன. பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில், நெலமங்கலா அருகே சொண்டெகொப்பாவில், சமூக நலத் துறையின் பழைய விடுதி ஒன்று வெளிநாட்டவரை அடைத்துவைக்கும் மையமாகத் தயாரானது. பெல்லந்தூர் பக்கம் கரியம்மன அக்ரஹாராவில், அங்கே இருப்பவர்கள் வங்கதேசத்தார் என்று மகாதேவபுரா எம்.எல்.ஏ. அரவிந்த் லிம்பாவளி ஒரு காணொளியைப் பரப்பினார். சில நாளில் குடிசைகள் இடிக்கப்பட்டன. இடிந்த தகரத்துக்கு நடுவே நின்றவர்கள் அசாம், திரிபுராக்காரர்கள். பீதர், ராய்ச்சூர் போன்ற வட கர்நாடகத்துக்காரர்களும் இருந்தார்கள். அட்டைகளைக் கையில் நீட்டிக்கொண்டு நின்றார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டு இடிப்பை நிறுத்தியது. அட்டை இருந்தாலும் முதலில் குடிசை போய்விடும், பிறகுதான் அட்டையைப் பார்ப்பார்கள் என்பதைச் சிவாஜிநகர் குறித்துக்கொண்டது.

பிப்ரவரியில் டேனரி சாலை பிலால் பள்ளிவாசல் முன்பு பெண்கள் உட்கார்ந்தார்கள். தில்லி ஷாஹீன் பாக் போராட்டத்தைப் பார்த்து அந்த இடத்துக்கு ‘பிலால் பாக்’ என்று பெயர் வந்தது. அதே மாதம் சென்னை வண்ணாரப்பேட்டையிலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கொரோனா வந்த மார்ச்சில் இரண்டு இடங்களிலும் கலைந்தார்கள். பதிவேட்டு வேலையையும் அரசு தள்ளிவைத்தது.

மலையகத் தமிழரின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் இன்னொரு நாடாளுமன்றம் நினைவுக்கு வரும். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. அப்போது எதிர்த்து வாக்களித்த தமிழர் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம், சில வாரங்களில் அமைச்சரவையில் சேர்ந்தார். அடுத்து வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தை ஆதரித்தார். அவரது கட்சி உடைந்தது. அதிலிருந்து செல்வநாயகம் வெளியேறி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். எங்கள் பிரதிநிதி எங்களுக்காக நிற்கவில்லை என்ற மனத்தாங்கல் அந்த மக்களிடம் இன்றும் ஆறியதில்லை. நாடற்றுப்போன அவர்களில் ஒரு பகுதியினர்தான் 1964 ஒப்பந்தத்தில் கப்பல் ஏறி வந்தார்கள். கர்நாடகத்திலேயே, தட்சிண கன்னடத்தின் சுள்ளியா, புத்தூர் பக்கம் அரசு ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். சட்டம் நிறைவேறும் நிமிடத்தில் மௌனமாக இருந்தவர்களைத் தலைமுறை தாண்டியும் மக்கள் மறப்பதில்லை, எதிர்த்துப் பேசியவர்களையும்தான்.

பிறகு நடந்தவை சுருக்கமானவை. புதுச்சேரிப் பேரவை 2020 பிப்ரவரியிலேயே சட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் அப்போது தி.மு.க. கொடுத்த தீர்மானத்தைச் சபாநாயகர் எடுக்க மறுத்தார். ஆட்சி மாறிய பின், 2021 செப்டம்பர் 8 அன்று மு.க. ஸ்டாலின் கொண்டுவந்து நிறைவேற்றினார். மத்திய அரசு விதிகளை 2024 மார்ச் 11 அன்று வெளியிட்டது, மக்களவைத் தேர்தல் தேதி அறிவிப்பதற்குச் சில நாள் முன்பு. உச்ச நீதிமன்றத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மனுக்கள் தேங்கின. ரிஸ்வான் அர்ஷத் 2023இல் மீண்டும் வென்றார், பி.சி. மோகன் 2024இல் நான்காவது முறையாக வென்றார். சிவாஜிநகரின் ஓட்டு விதான சௌதாவுக்கு ஒரு பக்கமும் தில்லிக்கு ஒரு பக்கமுமாகவே இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

2025இல் குடியேற்றம் பற்றிய பழைய சட்டங்களையெல்லாம் நீக்கி, குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் என்று ஒன்றை நாடாளுமன்றம் இயற்றியது. செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் கீழ் ஒரு விலக்கு ஆணை வெளியானது. 2015 ஜனவரி 9க்குள் வந்து அரசிடம் பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள், கடவுச்சீட்டோ விசாவோ இல்லை என்பதற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள். நாற்பது ஆண்டுக்குப் பிறகு கிடைத்த ஆறுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் தங்குவதற்குத் தண்டனை இல்லை என்பது வேறு, குடிமகன் என்பது வேறு. 2019 திருத்தத்தின் பட்டியலில் இன்றும் மூன்று நாடுகள்தான் இருக்கின்றன. இலங்கை இல்லை.

(தொடரும்)